பாலித் தீவில் இந்து வாழ்வும் கலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 43 லட்சம் பேர் வாழ்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள். அங்கே போகத் திட்டமிடும் தமிழர்களும், படங்களைப் பார்த்து வியந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பாலிச் சொற்களைக் காதில் விழும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ‘ஙப்போல் வளை’ தவிர வேறெங்கும் சொல்லின் முதலில் வராத நம் ‘ங’வுக்கு இந்தத் தீவில் நிறைய வேலை உண்டு!

பாலியில் இருப்பது நம் இந்து மதம்தானா?

வேர் ஒன்று, வளர்ந்த விதம் வேறு. சிவன், விஷ்ணு, பிரம்மா, சரஸ்வதி, ராமாயணம், மகாபாரதம், கர்மம், மறுபிறவி எல்லாம் உண்டு. இவை பெரும்பாலும் பழைய ஜாவா மொழி வழியாகவே அங்கே சேர்ந்தன. அதனுடன் தீவின் முன்னோர் வழிபாடும், பௌத்தத் தாந்திரீகமும் கலந்தன. எல்லாத் தெய்வங்களும் சங் ஹ்யாங் விதி வாசா என்ற ஒரே பரம்பொருளின் வடிவங்கள் என்பது இன்றைய அதிகாரபூர்வக் கொள்கை. சுதந்திர இந்தோனேசியா ஒரே கடவுளை வணங்கும் மதங்களையே ஏற்றது. அந்த ஏற்பைப் பாலியர் 1950களின் இறுதியில் போராடிப் பெற்றார்கள். 1959இல் பாரிசாதா என்ற இந்து தர்ம அவையும் உருவானது.

நடைமுறையில் பெரிய வேறுபாடு இன்னொன்று. நம் கோவிலில் தரிசனம்தான் மையம். அங்கே மையம் கைவேலை. ஓலை முடைவது, மாவு பிசைவது, மூங்கில் வளைப்பது, மேளம் பழகுவது ஆகிய அனைத்துமே வழிபாட்டில் சேர்த்தி. சம்பளமில்லாத இந்தத் தொண்டுக்கு ‘ஙாயா’ என்று பெயர். பாலியின் கலை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் விடை இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

வாசலிலும் நடைபாதையிலும் கடை மேசையிலும் கிடக்கும் சின்ன ஓலைத்தட்டு என்ன?

அதுதான் சானாங் சாரி. தினப்படையல்களில் மிக எளியது. பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். அடுக்குகள் கீழிருந்து மேலாக இப்படி வரும்:

அடியில் இளந்தென்னங்குருத்தில் முடைந்த, உள்ளங்கை அளவுள்ள சதுரத் தட்டு. அதற்குள் போரோசான், அதாவது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் சேர்த்துச் சுருட்டிய சிறு மடிப்பு. பாக்கு பிரம்மாவுக்கு, வெற்றிலை விஷ்ணுவுக்கு, சுண்ணாம்பு சிவனுக்கு என்று பொருள் சொல்வார்கள். நம் தாம்பூலம் அங்கே மும்மூர்த்தியாகிவிட்டது. பக்கத்தில் வாழைப்பழத் துண்டோ கரும்புத் துண்டோ இருக்கலாம். அதன் மேல் வட்டமாகக் கத்தரித்த ஓலை, அதன் மேல் பூக்கள். பூவைக் கண்டபடி போட மாட்டார்கள். கிழக்கே வெள்ளை (ஈஸ்வரன்), தெற்கே சிவப்பு (பிரம்மா), மேற்கே மஞ்சள் (மகாதேவன்), வடக்கே நீலம் அல்லது பச்சை (விஷ்ணு). நடுவில் பொடியாக நறுக்கிய தாழை இன இலை. உச்சியில் சில்லறையோ சிறு நோட்டோ. முன்பு இந்த இடத்தில் நடுவே துளையுள்ள சீனக் காசு இருந்தது.

வைக்கும்போது ஊதுபத்தி கொளுத்தி, தீர்த்தம் தெளித்து, விரலிடுக்கில் ஒரு பூவை வைத்துக்கொண்டு, புகையைத் தெய்வத்தின் பக்கம் மூன்று முறை வீசுவார்கள். ‘சாரி’ என்றால் சாரம். தெய்வம் ஏற்பது அந்தச் சாரத்தைத்தான்.

தவறு எங்கே நேர்கிறது? போரோசான் இல்லாத தட்டு, பூ எவ்வளவு அழகாக இருந்தாலும், படையலாகாது. குருத்தோலை இரண்டு மூன்று நாளில் வாடிப் பழுப்பேறும் என்பதால் வாரத்துக்கு மொத்தமாகச் செய்து வைக்க முடியாது. நீண்ட நாள் தாங்க வேண்டிய படையல்களுக்கு முற்றிய பச்சை ஓலையையோ பனையோலையையோ எடுப்பார்கள். முன்பு மூங்கில் சிம்பால் குத்திய இடத்தில் இப்போது ஸ்டேப்ளர் முள். வேலை விரைவாக முடிகிறது, ஆனால் ஓலை மட்கிய பிறகும் முள் மண்ணில் கிடக்கிறது. பிளாஸ்டிக் உறையோடு வைக்கும் மிட்டாய்க்கும் இதே குறைதான்.

தெரியாமல் மிதித்துவிட்டால் பாவமா?

ஊதுபத்தி அணைந்துவிட்டால் சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கு. பிறகு நாயும் கோழியும் தின்னலாம், துடைப்பத்தால் கூட்டித் தள்ளலாம். புகை வரும்போது மட்டும் தாண்டாமல் சுற்றிப் போங்கள்.

தரையில் வேறு வகைப் படையலும் இருக்கிறதே?

அது செகெஹான். தெய்வத்துக்கு அல்ல, பூதகணங்களுக்கு. சோறு (சில நாட்களில் ஐந்து நிறங்களில்), வெங்காயம், இஞ்சி, உப்பு வைத்து, கடைசியில் சாராயத்தையும் அரிசிக் கள்ளையும் தரையில் ஊற்றுவார்கள். தீய சக்திகளை விரட்டுவது நோக்கமல்ல. அவற்றுக்கும் பங்கு கொடுத்துச் சமநிலைப்படுத்துவதே நோக்கம். மரங்களுக்கும் சிலைகளுக்கும் கட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ‘போலெங்’ துணியின் பொருளும் இதுவே. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்கிறது அந்தத் துணி.

காலையில் சமைத்ததும் எங்கெல்லாமோ சோற்றுத் துளி வைக்கிறார்களே?

அதற்குச் சாய்பான் என்று பெயர். வீட்டில் யாரும் வாய் வைப்பதற்கு முன், சின்ன வாழையிலைத் துண்டில் சில சோற்றுப் பருக்கை, உப்பு, அன்றைய கறி. அடுப்பு, தண்ணீர்ப் பானை, அம்மி, துடைப்பம், உரல் ஆகிய ஐந்தும் அறியாமல் சிற்றுயிர்களைக் கொல்லும் இடங்கள் என்கிறது மனுநூல். அந்த ஐந்துக்கும் ஈடாகவே இந்தப் படையல் என்று பாலிப் பூசகர்கள் விளக்குகிறார்கள். இவற்றோடு வீட்டுக் கோவில், முற்றம், வாசல் என்று வைக்கும் இடங்கள் கூடும். நம் காக்கைச் சோற்றுக்கு உறவுதான், பட்டியல் மட்டும் நீளம்.

எப்போது போனாலும் ஏதாவது திருவிழா நடக்கிறதே, அவர்களின் நாட்காட்டி எப்படி?

இரண்டு நாட்காட்டிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று சந்திரனைப் பின்பற்றும் சக ஆண்டு. ஆங்கில ஆண்டுக்கு 78 பின்தங்கியது. 2026 மார்ச்சில் பிறப்பது சக 1948. மற்றது பாவுகோன். அதற்கு நிலவும் இல்லை, சூரியனும் இல்லை, வெறும் எண்ணிக்கைதான். ஏழு நாள் வாரங்கள் முப்பது, மொத்தம் 210 நாள், மறுபடி முதலிலிருந்து. இந்த ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரமும் மூன்று நாள் வாரமும் இணையாகச் சுழல்கின்றன. ஒரு நாள் விசேஷமா என்பது எந்த வாரத்தின் எந்தக் கிழமை எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

மூன்று நாள் வாரத்தின் கஜெங்கும் ஐந்து நாள் வாரத்தின் கிலிவோனும் 15 நாளுக்கு ஒருமுறை சேரும். அன்று பூதப் படையல் கூடுதல். சனிக்கிழமையும் கிலிவோனும் 35 நாளுக்கு ஒருமுறை சேரும். அது தும்பெக். 210 நாளில் ஆறு தும்பெக் வரும். ஒவ்வொன்றும் ஒரு பொருளுக்கு உரியது. லந்தெப் உலோகத்துக்கு: ஒருகாலத்தில் குறுவாள், இன்று மோட்டார் பைக்கும் காரும். அச்சு அசல் நம் ஆயுத பூஜை! வாரிகா மரம் செடிக்கு, கந்தாங் ஆடு மாடு பன்றிக்கு, குருலுத் இசைக்கருவிக்கு, வாயாங் நிழற்பாவைக்கு. மீதமுள்ளது குனிங்கான் பண்டிகை.

பிறந்தநாளும் 210 நாளுக்கு ஒருமுறை வரும். அதற்கு ஒதோனான் என்று பெயர். பாலி நண்பரிடம் ‘வயது என்ன’ என்று கேட்டுவிட்டு ஒதோனானை எண்ணிக் குழம்ப வேண்டாம்.

சரஸ்வதி நாள் 210 நாள் சுற்றின் கடைசிச் சனிக்கிழமை. புத்தகங்களையும் ஓலைச்சுவடிகளையும் அடுக்கிப் படைப்பார்கள். பூசை முடியும்வரை படிக்கக் கூடாது. இதைச் சொன்னால் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. மறுநாள் விடியலில் கடலிலோ ஊற்றிலோ குளியல்.

கலுங்கான் எப்போது, என்ன செய்வார்கள்?

முன்னோர்களின் ஆவிகள் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கிப் போகும் பண்டிகை. 210 நாள் கணக்கு என்பதால் 2025இல் இரண்டு முறை வந்தது (ஏப்ரல் 23, நவம்பர் 19). 2026இல் ஒன்றே ஒன்று, ஜூன் 17. அதற்கடுத்தது 2027 ஜனவரி 13. எப்போதும் புதன்கிழமை. பத்தாம் நாள் சனிக்கிழமை குனிங்கான், அன்று மஞ்சள் சோறு படைத்து முன்னோரை வழியனுப்புவார்கள். அந்தப் படையலை நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும்.

வேலை ஞாயிறே தொடங்கும். ஞாயிறு வாழைக்காயை மூடிப் பழுக்க வைப்பது. திங்கள் மாவுப் பலகாரம். செவ்வாய் பன்றி வெட்டு. அன்று விடியலுக்கு முன்பே ஆண்கள் கூடிக் கொத்தி ‘லாவார்’ செய்வார்கள்: கொத்திய இறைச்சி, துருவிய தேங்காய், காராமணிக்காய், மசாலா, சில வகைகளில் இரத்தம். விழாச் சமையல் ஆண்களின் பொறுப்பு. பச்சைப் பொருள் கலந்தது என்பதால் காலையில் செய்ததை மாலைக்கு வைக்க முடியாது.

அதே செவ்வாயன்று ஒவ்வொரு வாசலிலும் பெஞ்சோர் எழும். நுனி வளைந்து சாலைக்கு மேல் தொங்கும் முழு மூங்கில் அது. நெற்கதிர், தேங்காய், பழம், கிழங்கு, பலகாரம், வெள்ளை மஞ்சள் துணி, குருத்தோலைத் தோரணம் எல்லாம் அதில் கட்டியிருக்கும். அடியில் படையலுக்கு ஒரு சிறு மூங்கில் மாடம் வேண்டும். அந்த மாடமும் விளைபொருளும் இல்லாமல் அலங்காரம் மட்டும் இருந்தால் அது பெஞ்சோர் அல்ல, வெறும் தோரணம். கல்யாண வீட்டிலும் ஓட்டல் வாசலிலும் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

நியெப்பி நாளில் ஊரடங்கு என்பது உண்மையா?

உண்மை. சக ஆண்டுப் பிறப்பு, நம் யுகாதிக்கு ஒட்டியே வரும் (2026இல் மார்ச் 19). காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை நான்கு விலக்குகள்: தீயும் விளக்கும் இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையம் 24 மணி நேரம் மூடப்படும். 2018 முதல் கைபேசி இணையமும் நிறுத்தப்படுகிறது. பெசாலாங் எனப்படும் ஊர்க்காவலர்கள் தெருவில் சுற்றுவார்கள். மருத்துவ அவசரத்துக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டவரும் விடுதி வளாகத்தைத் தாண்டக் கூடாது. திரையை மூடி, ஒலியைக் குறைத்து இருக்க வேண்டும். விமானச் சீட்டு எடுக்கும் முன் தேதியைப் பாருங்கள். பலர் இடறுவது இதில்தான்.

அதற்குச் சில நாள் முன்பு தெய்வத் திருமேனிகளைக் கடலுக்குச் சுமந்து சென்று தூய்மை செய்யும் மெலாஸ்தி. முந்தின நாள் சந்திகளில் பூதப் படையல். அன்று இரவு ஒகோ ஒகோ என்ற பிரம்மாண்ட அரக்க உருவங்களின் ஊர்வலம். இது பழங்கால வழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் 1980களில் பரவியதே. இளைஞர் மன்றங்கள் வாரக்கணக்கில் செய்யும் இந்த உருவங்கள் மூங்கில் சட்டகத்தில் நிற்கின்றன. இடையில் தெர்மோகோல் புகுந்தது. எரிக்கும்போது நச்சுப் புகை வருவதால் பல இடங்களில் அதைத் தடுத்து மறுபடி மூங்கில், காகிதம் என்று திரும்பியிருக்கிறார்கள்.

பாலிக் கோவிலுக்குள் மூலவரே இல்லையே, ஏன்?

தெய்வம் எப்போதும் அங்கே குடியிருப்பதில்லை என்பது நம்பிக்கை. விழா நாளில் இறங்கி வரும், பெட்டியில் வைத்திருக்கும் சிறு ‘பிரதிமா’க்களில் அமரும், விழா முடிந்ததும் திரும்பும். ஆகவே கோவில் என்பது திறந்தவெளி முற்றம், நடுவே வெற்று இருக்கைகள். பத்மாசனம் என்ற கல் இருக்கையின் அடியில் உலகைத் தாங்கும் ஆமை, அதைச் சுற்றிய நாகங்கள், உச்சியில் காலி நாற்காலி. 16ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த நிரர்த்தர் என்ற துறவி இதைப் பரப்பியதாக மரபு. மேரு என்ற கோபுரத்துக்கு 3, 5, 7, 9, 11 என்று ஒற்றைப்படை அடுக்குகளே. கூரை கறுப்புப் பனைநார்.

நுழைவாயிலை நடுவே பிளந்த மலைபோல இருபுறமும் நிறுத்தியிருப்பார்கள். முற்றங்கள் மூன்று: வெளி, நடு, உள். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று கோவில் கட்டாயம். மலைப்பக்கம் ஊர் நிறுவிய முன்னோருக்கான புசே, நடுவில் தேசா, கடல்பக்கம் சுடுகாட்டையொட்டி தாலெம். பெரும்பாலான கோவில்களின் ஆண்டுவிழாவான ஒடாலானும் 210 நாளுக்கு ஒருமுறை.

கும்பிடும் முறை என்ன? நாமும் செய்யலாமா?

உரிய உடையில், ஊரார் அனுமதியோடு, தாராளமாக. ஆண்கள் சம்மணமிட்டும் பெண்கள் மண்டியிட்டும் அமர்வார்கள். ஊதுபத்திப் புகையில் கையைக் காட்டிய பின் ஐந்து முறை கைகூப்பல். முதல் முறை வெறுங்கை. இரண்டாவது வெள்ளைப் பூவோடு சூரியனுக்கு. மூன்றாவது குவாங்கெனோடு (வாழையிலைக் கூம்பில் பூவும் காசும்) அந்தக் கோவில் தெய்வத்துக்கு. நான்காவது அருள் வேண்டி, இதற்கும் குவாங்கெனோ பல நிறப் பூவோ. ஐந்தாவது மறுபடி வெறுங்கை. விரல்நுனி நெற்றிக்கு மேலே இருக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பூவைத் திரும்ப எடுக்கக் கூடாது. காதிலோ கூந்தலிலோ செருகிக்கொள்ளலாம்.

பிறகு பூசகர் மூன்று முறை தீர்த்தம் தெளிப்பார், மூன்று முறை குடிக்கத் தருவார், மூன்று முறை முகத்தில் தடவ வேண்டும். வலக்கை மேல், இடக்கை கீழ். கடைசியில் ஊறவைத்த அரிசி. நெற்றியிலும் தொண்டைக் குழியிலும் ஒட்டி, சில மணிகளை மெல்லாமல் விழுங்குவார்கள். தீர்த்தமில்லாமல் எந்தச் சடங்கும் முழுமையாகாது. இந்த மதத்துக்கே ‘ஆகம தீர்த்தா’ என்றொரு பழைய பெயர் உண்டு.

என்ன உடுத்த வேண்டும், யார் நுழையக் கூடாது?

இடுப்புக்குக் கீழே காமென் (நம் வேட்டி, லுங்கி போல), இடுப்பில் கச்சைத் துணி. கச்சை இல்லாமல் காமென் மட்டும் போதாது. ஆண்களுக்குத் தலையில் உடெங், பெண்களுக்குக் கெபாயா என்ற மேற்சட்டை. மாதவிலக்கில் இருப்பவர்களும், வீட்டில் அண்மையில் சாவு நேர்ந்தவர்களும், ஆறாத புண் உள்ளவர்களும் நுழைவதில்லை. பூசகரைவிட உயரமான இடத்தில் ஏறி நிற்பதும், கும்பிடுவோருக்கு முன்னால் நடந்து படமெடுப்பதும் பெரிய மரியாதைக்குறைவு.

வீடு கட்டுவதிலும் சாஸ்திரம் உண்டா?

நம் மனையடி சாஸ்திரம்போல அங்கே அஸ்தகோசலகோசலி. அளவுகோல் வீட்டுக்காரரின் உடம்பு: விரித்த இரு கைகளின் நீளம், முழம், பாதம். கட்டடங்களுக்கு இடையிலான தூரத்தைப் பாதத்தால் அளந்து, இறுதியில் ஒரு பாத அகலத்தை ‘உயிர்’ என்று கூட்டுவார்கள். அளக்கும்போது ஸ்ரீ, இந்திரா, குரு, யமா என்று எட்டுப் பெயர்களைச் சுழற்றி எண்ண வேண்டும். எந்தப் பெயரில் முடிகிறது என்பதே முக்கியம். ஒப்பந்தக்காரர் மீட்டர் டேப்பில் போட்ட வீட்டைப் பிறகு சடங்கால் ‘சரிசெய்ய’ வேண்டிவருவது இதனால்தான்.

திசை என்பதும் வடக்கு தெற்கு அல்ல. கஜா என்றால் மலைப்பக்கம், கெலோத் என்றால் கடல்பக்கம். தெற்குப் பாலியில் கஜா வடக்கே, வடக்குக் கரையில் அதே கஜா தெற்கே! வீட்டுக் கோவில் மலையும் சூரியோதயமும் சேரும் மூலையில். அடுப்பு கடல்பக்கம். தூங்கும்போது தலை மலைப்பக்கமோ கிழக்கோ. வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்று வளர்ந்த நம்மவர்க்குத் தெற்குப் பாலியின் கட்டில் கொஞ்சம் உறுத்தும்.

பிறப்பு முதல் இறப்பு வரை எந்தச் சடங்குகள் முக்கியம்?

நஞ்சுக்கொடியைக் கழுவி, தேங்காய்க்குள் வைத்து, வாசலருகே புதைப்பார்கள். வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் ஆணுக்கு வலம், பெண்ணுக்கு இடம். 105ஆம் நாள்வரை குழந்தையின் கால் மண்ணில் படக் கூடாது.

பருவமடைந்த பின் பல் அராவுதல். மேல்வரிசையில் நான்கு வெட்டுப்பல், இரண்டு கோரைப்பல், ஆக ஆறு. காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாச்சரியம் என்ற ஆறு பகைகளை மட்டுப்படுத்துவதாகப் பொருள். பல்லைக் குட்டையாக்குவதில்லை, கூர்முனையை மட்டும் சமப்படுத்துவார்கள். அதிகம் அராவினால் பற்கூச்சம் வரும் என்பதால் இப்போது பலர் லேசாகத் தொட்டு நிறுத்திவிடுகிறார்கள். செலவு பெரிது, ஆகவே கல்யாணத்தோடு சேர்த்தோ, பல குடும்பங்கள் கூடியோ நடத்துவது வழக்கம்.

இறந்தவரை எரிப்பது ஙாபென். பணமும் நல்ல நாளும் சேரும்வரை உடலைப் புதைத்துவைத்து, சில ஆண்டுகளுக்குப் பின் எலும்பெடுத்து ஊர்கூடி எரிப்பதும் உண்டு. மூங்கிலும் காகிதமும் கொண்ட உயர்ந்த பாடையைச் சந்தியில் சுழற்றுவார்கள், ஆவி வீட்டுக்கு வழி கண்டுபிடித்துத் திரும்பக் கூடாதாம். உடலைக் காளை வடிவப் பெட்டிக்கு மாற்றி எரித்து, சாம்பலைக் கடலில் கரைப்பார்கள். மாதக்கணக்கில் செதுக்கியதும் ஒட்டியதும் ஒரு மணி நேரத்தில் சாம்பல். இங்கே யாரும் கலையை அருங்காட்சியகத்துக்காகச் செய்யவில்லை.

வயலுக்கும் கோவிலுக்கும் என்ன தொடர்பு?

பாலி பற்றிய பேச்சில் அதிகம் கவனிக்கப்படாத, ஆனால் மிகக் கூர்மையான ஏற்பாடு இது. ஒரே வாய்க்காலில் நீர் பெறும் விவசாயிகளின் சங்கம் சுபாக். தலைவர் பெகாசே. நீரைப் பிரிப்பது தெம்புகு என்ற தடுப்பு. குறுக்கே போட்ட மரத்தில் அல்லது கல்லில் பங்குக்கு ஏற்ற அகலத்தில் வெட்டுகள் இருக்கும். மதகுக் காவல் தேவையில்லை, வெட்டின் அகலமே பங்கைச் சொல்லிவிடும்.

ஒவ்வொரு நீர்ப்பிரிவிலும் ஒரு கோவில், எல்லாவற்றுக்கும் மேலே பாத்தூர் ஏரியின் தேவிக்கு உலுன் தானு பாத்தூர். 1926 எரிமலை வெடிப்புக்குப் பிறகு இந்தக் கோவிலை மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். எந்தச் சுபாக் எப்போது நடும், எப்போது தரிசு விடும் என்பதை இந்தக் கோவில்களின் கூட்டங்களில் முடிவு செய்வார்கள். எல்லோரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. ஆளுக்கொரு நாள் நட்டால் பூச்சிக்கு எப்போதும் எங்கேயாவது தீனி கிடைக்கும். அக்கம்பக்கத்துச் சுபாக்குகள் சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுத்து, சேர்ந்து தரிசு விட்டால் பூச்சி பட்டினியில் அழியும். மேல்மடையும் கீழ்மடையும் முறைவைத்துத் தள்ளி நட்டால் நீர் போதும். இந்த இரண்டுக்கும் நடுவே அளவு பார்ப்பதே கோவிலின் வேலை.

1970களில் பசுமைப் புரட்சித் திட்டம் ‘முடிந்தவரை அடிக்கடி நடுங்கள்’ என்றது. கோவில் அட்டவணை கைவிடப்பட்டது. புகையான் பூச்சியும் நோயும் அடுத்தடுத்துத் தாக்கின. பிறகு பழைய முறைக்கே திரும்பினார்கள். மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் கணினி மாதிரி கொண்டு இதன் காரணத்தை விளக்கினார். 2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலவெளியை உலக மரபுச் சின்னமாக்கியது.

பயிருக்கும் சடங்குண்டு. முதல் நீருக்கு வரவேற்பு, பயிர் சூல் கொள்ளும்போது ஒரு படையல், அறுவடையில் நெற்கதிரால் ஸ்ரீதேவி உருவம். இப்போது பெரிய அச்சுறுத்தல் பூச்சி அல்ல. விடுதிகளுக்கு விற்றுப்போகும் வயலும், அவை இழுக்கும் தண்ணீரும்தான்.

நடனங்களில் எது பூசை, எது காட்சி?

இந்தக் கேள்வி பாலியருக்கே தலைவலியாகி, 1971இல் அறிஞர்களும் அதிகாரிகளும் கூடி மூன்றாகப் பிரித்தார்கள். வாலி என்பது உள் முற்றத்தில் தெய்வத்துக்கு ஆடுவது: பெண்கள் வரிசையாக மெல்ல நகரும் ரெஜாங், ஈட்டியேந்திய பாரிஸ், மருளாடும் சங் ஹ்யாங். பெபாலி என்பது நடு முற்றத்தில் சடங்கோடு இணைந்தது: கம்பூ என்ற பழைய நாட்டிய நாடகம், தோப்பெங் என்ற முகமூடி ஆட்டம். மூன்றாவது பாலி பாலிஹான், வெளியே வேடிக்கைக்கு: லெகோங், ஜோகெட். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் இந்த மூவகை நடனங்களே.

சுற்றுலாக்காரருக்கு வரவேற்பு நடனம் வேண்டும் என்று கோவிலின் பெந்தெத் நடனத்தை அப்படியே ஆடுவது உறுத்தவே, பான்யெம்பிராமா என்று தனியாக ஒன்று அமைத்தார்கள். எல்லாரும் பார்க்கப் போகும் கெச்சாக், ‘சக் சக்’ என்று ஆண்கள் வட்டமாக அமர்ந்து ராமாயணம் ஆடுவது, 1930களில் வடிவம் பெற்றது. குரல் பழையது, அது சங் ஹ்யாங் சடங்கின் கூட்டுப்பாடல். கதையோடு கோத்ததில் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸுக்கும் பங்குண்டு. அதைப் ‘பழம்பெரும் கோவில் நடனம்’ என்று வழிகாட்டி சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

தோப்பெங் ஆட்டத்தின் கடைசியில் வரும் சிதாகர்யா முகமூடியைத் தவறவிடாதீர்கள். பல்நீண்ட, வெளுத்த முகம். அரிசியும் காசும் இறைப்பார். ‘காரியம் சித்தி’ என்பதே பெயரின் பொருள். அவர் வராமல் பெரிய சடங்கு நிறைவேறியதாகக் கொள்வதில்லை.

நிழற்பாவை நம் தோல்பாவைக் கூத்துப் போன்றதா?

உறவு தெரியும். தாலாங் என்ற கலைஞர் ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரலிலும் பேசி, கால்விரலிடுக்கில் பிடித்த கட்டையால் பெட்டியில் தட்டித் தாளமும் கொடுப்பார். தலைக்கு முன்னே தேங்காயெண்ணெய் விளக்கு. சுடர் அசைவதால்தான் நிழல் மூச்சுவிடுவதுபோல் தோன்றும். மின்விளக்கில் அது செத்துவிடும். அரசர்கள் ‘கவி’ எனப்படும் பழைய ஜாவா மொழியில் பேச, துவாலென், மெர்தா, தெலெம், சங்குத் என்ற நான்கு வேலைக்காரர்கள் அதை ஊர்ப் பேச்சில் மாற்றி, கேலியும் கலந்து சொல்வார்கள். நம் கட்டியங்காரன் நினைவுக்கு வருவான்.

பகலிலும் ஆட்டம் உண்டு, வாயாங் லெமா. விளக்கில்லை, திரையில்லை, திரைக்குப் பதில் இரு கிளைகளுக்கிடையே கட்டிய நூல் மட்டும். யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, பார்வையாளர் தெய்வமே.

கேமலான் (வெண்கலத் தாளக்கருவிக் குழு) இசை ஏன் அதிர்கிறது?

பெரும்பாலான கருவிகள் ஜோடியாகவே இருக்கும். ஒன்றை மற்றதைவிட வேண்டுமென்றே சற்று உயர்த்திச் சுருதி வைப்பார்கள். இரண்டையும் ஒன்றாகத் தட்டினால் ஒலி அலையலையாய்த் துடிக்கும். ஒற்றைக் கருவியின் ஒலியை ‘செத்த ஒலி’ போலக் கருதுவார்கள். ஊருக்கு ஊர் சுருதி வேறு. ஆகவே ஒரு தொகுதியின் கட்டையை மற்றதில் பொருத்த முடியாது. வேகமான சங்கதிகளை ஒருவர் தனியாக வாசிப்பதில்லை, இருவர் மாற்றி மாற்றி இடைவெளியை நிரப்புவார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவருடையது அர்த்தமற்ற ஓட்டையாகும். இசைக்கருவியைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள்.

ஓவியம், நெசவு, சுவடி?

கிளுங்குங் பகுதியின் காமாசான் ஊர் ஓவியங்கள் நிழற்பாவை உருவங்களின் தொடர்ச்சி. பருத்தித் துணியை அரிசிக் கஞ்சியில் தோய்த்து, காயவைத்து, சோழியால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். தேய்ப்பு போதாவிட்டால் சாயம் ஊறிக் கோடு பரவும். 1936இல் உபுதில் அமைந்த பிதா மகா ஓவியர் குழுவுக்குப் பிறகு கோவில் கதைகளோடு சந்தையும் வயலும் படத்துக்குள் வந்தன.

தெங்கானான் ஊரின் கிரிங்சிங் துணியில் பாவு, ஊடை இரண்டையும் முன்பே கட்டிச் சாயமேற்றி நெய்வார்கள். நூலிழை சிறிது நகர்ந்தாலும் உருவம் கலையும். குஜராத்தின் பட்டோலாவுக்கு ஒப்பான இந்த வேலை ஒரு துணிக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். நோய் விலக்கும் துணி என்பது பெயரின் பொருள். பல் அராவும் சடங்கில் போர்த்துவார்கள்.

சுவடியைப் பார்த்தால் தமிழருக்கு வீட்டு நினைவு வரும்: அதே பனையோலை. கத்திமுனையால் கீறி, சுட்ட கொட்டைக் கரியை எண்ணெயோடு தேய்த்து எழுத்தைக் கறுப்பாக்குவார்கள். 1928இல் சிங்கராஜாவில் தொடங்கிய கெடோங் கிர்த்யா இவற்றுக்கான நூலகம். சுவடியை ஒருவர் பாட, இன்னொருவர் வரிக்கு வரி உரை சொல்லும் சபைகள் இன்றும் ஊர்தோறும் கூடுகின்றன.

மாமிசம், சாதி பற்றி?

பன்றி, வாத்து, கோழி எல்லாம் படையலிலும் உண்டு. மாட்டிறைச்சியைப் பலர் தவிர்க்கிறார்கள், பூசகர்கள் கண்டிப்பாக. சைவ உணவு தேடுவோர் முன்கூட்டியே சொல்லுங்கள். இறால் விழுதை மசாலாவாகவே கருதுவார்கள், இறைச்சிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நான்கு வர்ணம் உண்டு, தீண்டாமை இல்லை. பெரும்பான்மையோருக்குப் பெயர் பிறந்த வரிசைப்படி: வாயான், மாதே, ஞோமான், கெதுத். ஐந்தாவதுக்கு மறுபடி வாயான்.

பாரோங் முகமூடி வாங்கி வந்து பூசையறையில் வைக்கலாமா?

கடையில் விற்பது அலங்காரப் பொருள், அச்சம் வேண்டாம். கோவிலின் பாரோங்கும் (காக்கும் விலங்கு உரு) ரங்டாவும் (அதன் எதிரியான சூனியக்காரி) வேறு கதை. மரம் பூலே, நம் ஏழிலைப்பாலை. கோவிலிலோ சுடுகாட்டருகிலோ நிற்கும் மரத்திடம் அனுமதி கேட்டு, நாள் பார்த்து, மரம் சாகாத அளவில் ஒரு துண்டு மட்டும் எடுப்பார்கள். செதுக்கி, வண்ணத்தைப் பல பூச்சு ஏற்றி, பசுபதி என்ற சடங்கால் உயிரேற்றுவார்கள். அதன்பின் அது விற்பனைக்கு இல்லை. பழைய கோவில் முகமூடி என்று யாராவது தனியாக அழைத்துக் காட்டினால், ஒன்று பொய், இல்லாவிட்டால் திருட்டு. இரண்டுக்கும் பணம் தராமல் திரும்பிவிடுங்கள்.